உஷார்! பிஆர் வேறு, வேலை வேறு

கனடா பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை வந்துவிட்டது, இனி டிக்கெட் போட வேண்டியதுதான் என்று காத்திருக்கும் சிவில் என்ஜினீயரா நீங்கள்? நர்ஸா? டாக்டரா? மருந்தாளுநரா? ஆசிரியரா? டிக்கெட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இறங்கிய பிறகு தெரிந்துகொள்ளலாம் என்று விடக்கூடிய சங்கதி இல்லை இது. இறங்கிய பிறகு தெரிந்துகொண்டவர்களுக்கு ஒரு வருடம் போயிருக்கிறது, மூன்று வருடம் போயிருக்கிறது, சிலருக்குப் படித்த தொழிலே கைவிட்டுப் போயிருக்கிறது. அவர்களில் பலரை டொராண்டோவில் பார்த்துப் பேசியிருக்கிறேன். சோம்பேறிகள் யாருமில்லை. எல்லோரும் ஊரில் பத்துப் பேரை வேலை வாங்கிக்கொண்டிருந்தவர்கள்.

அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் ஏமாந்தார்கள். ‘என் படிப்பைத்தான் கனடா ஒப்புக்கொண்டுவிட்டதே!’ என்ற நம்பிக்கையில்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிஆர் விண்ணப்பத்துக்காக வெஸ் போன்ற ஒரு நிறுவனத்துக்கு உங்கள் மார்க் ஷீட்டுகளை அனுப்பினீர்கள். ‘இந்தப் படிப்பு கனடாவின் இளநிலைப் பட்டத்துக்குச் சமம்’ என்று ஓர் அறிக்கை வந்தது. அதை வைத்து எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் புள்ளி வாங்கினீர்கள். அரசாங்க முத்திரையோடு அழைப்பும் வந்தது. இவ்வளவும் நடந்த பிறகு, படிப்பு செல்லும் என்று நினைப்பதில் என்ன தப்பு? தப்பு உங்கள் மேல் இல்லை. ஆனால் அந்த அறிக்கை குடியேற்றத்துக்கு மட்டும்தான் செல்லும். அதைக் காட்டி ஒரு பாலத்தின் வரைபடத்தில் கையெழுத்துப் போட முடியாது. ஒரு நோயாளிக்கு ஊசி போட முடியாது. வகுப்பறைக்குள் போக முடியாது.

காரணம், கனடாவில் குடியேற்றமும் தொழில் உரிமமும் இரண்டு கைகளில் இருக்கின்றன. யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்வதில் பெரும்பங்கு ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசுக்கு. புள்ளி போட்டு ஆளெடுக்கும் முறையை 1967-லேயே கொண்டுவந்தவர்கள் அவர்கள். யார் எந்தத் தொழிலைச் செய்யலாம் என்று முடிவு செய்வது மாகாணங்கள். அது 1867-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் வகுத்த பிரிவினை. மாகாணமும் நேரடியாக அதைச் செய்வதில்லை. அந்தந்தத் தொழிலுக்கென்று சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை அமைப்பிடம் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறது. படித்ததற்காக உங்களுக்குப் புள்ளி கொடுத்த அலுவலகமும், படித்த வேலையைச் செய்ய உரிமம் கொடுக்கும் அலுவலகமும் வேறு வேறு. முதலாவது ‘வா’ என்றதனால் இரண்டாவது ‘செய்’ என்று சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கனடாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வேலை இப்படி உரிமம் கேட்கும் வேலை. ஒன்டாரியோவில் வாங்கிய உரிமத்தோடு ஆல்பர்ட்டாவுக்குப் போனால் அங்கேயும் பதிவு செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் இருந்து போகிறவர்களில் என்ஜினீயர்கள் அதிகம் என்பதால் அவர்கள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒன்டாரியோவில் உரிமம் இல்லாமல் பெயருக்குப் பக்கத்தில் ‘என்ஜினீயர்’ என்று போட்டுக்கொள்வதே சட்டப்படி தவறு. ஊரில் விசிட்டிங் கார்டில் போட்டுப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். உரிமம் வாங்க ஒன்டாரியோ என்ஜினீயர்கள் அமைப்பான பிஇஓ கேட்பது மூன்று. உங்கள் பட்டம் அவர்கள் தரத்துக்கு நிற்க வேண்டும், 48 மாத வேலை அனுபவத்தை எழுத்தில் நிரூபிக்க வேண்டும், தொழில் நெறியும் சட்டமும் பற்றிய தேர்வில் தேற வேண்டும். முன்பு இவற்றோடு நான்காவதாக ஒரு சுவர் இருந்தது. அந்த 48 மாதத்தில் 12 மாதமாவது கனடாவில் பார்த்த வேலையாக இருக்க வேண்டும் என்றார்கள். வேலை கிடைக்க உரிமம் வேண்டும், உரிமம் கிடைக்க வேலை வேண்டும் என்று எத்தனையோ பேரைச் சுற்றவிட்ட விதி அது. 2023 மே மாதத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இதுகூடத் தெரியாமல், ‘கனடா அனுபவம் வந்த பிறகு அப்ளை பண்ணிக்கலாம்’ என்று இன்னமும் கிடங்கு வேலையில் காத்திருக்கும் என்ஜினீயர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாராவது இன்றைக்கே சொல்லுங்கள்.

அனுபவத்தை நிரூபிப்பது என்றால் ‘இவர் எங்களிடம் நன்றாக வேலை பார்த்தார்’ என்று லெட்டர்ஹெட்டில் நாலு வரி வாங்கி வருவது இல்லை. எந்தத் திட்டத்தில், எந்தக் கணக்கை, எந்தக் கோட்பாட்டை வைத்து நீங்களே செய்தீர்கள், யார் சரிபார்த்தார் என்று ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். உங்கள் வேலையை நேரில் அறிந்த மேலதிகாரி அதை உறுதி செய்ய வேண்டும். அந்த மேலதிகாரி இப்போது எங்கே இருக்கிறார்? ஓய்வு பெற்றுவிட்டாரா? அவர் போன் நம்பர் மாறிவிட்டதா? நீங்கள் இன்னும் சென்னையில் இருக்கும்போதே தேடிப் பிடித்துப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த மனிதரின் ஒரு மின்னஞ்சலில்தான் உங்கள் உரிமம் நிற்கப் போகிறது.

வாஷிங்டன் ஒப்பந்தம் என்று ஒன்றைச் சிலர் சொல்வார்கள். இந்தியா 2014-இல் அதில் முழு உறுப்பினராகச் சேர்ந்தது உண்மை, கனடாவும் அதில் இருக்கிறது. ஆனால் நம் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. என்பிஏ என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்குத்தான் பொருந்தும், அதுவும் அங்கீகாரம் இருந்த ஆண்டுகளில் முடித்தவர்களுக்கு. உங்கள் கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தது என்றால் போதாது, நீங்கள் படித்த பிரிவுக்கு, நீங்கள் முடித்த வருடத்தில் இருந்ததா என்று பாருங்கள். இருந்தாலும் உரிமம் தானாக வந்துவிடாது. இல்லையென்றால் கூடுதல் தேர்வு எழுதச் சொல்வார்கள் என்று தயாராகிக்கொள்ளலாம்.

உரிமம் வரும்வரை துறையை விட்டு வெளியே நிற்க வேண்டிய அவசியமில்லை. உரிமம் உள்ள ஒருவரின் பொறுப்பில் நீங்கள் வேலை பார்க்கலாம். எஸ்டிமேட்டர், டிசைனர், புராஜெக்ட் கோஆர்டினேட்டர், கட்டுமான ஆய்வாளர் என்ற பெயர்களில் வரும் வேலைகளைத் தேடுங்கள். ‘சிவில் என்ஜினீயர்’ என்று மட்டும் தட்டச்சு செய்து தேடுகிறவர்கள் இவற்றைப் பார்ப்பதே இல்லை.

நர்ஸ்களுக்கு வேறு மாதிரி அவசரம். நர்ஸ் பற்றாக்குறை என்று தினமும் செய்தி வருகிறது, அது பொய் இல்லை. ஆனால் பதிவு இல்லாத நர்ஸை மருத்துவமனை வேலைக்கு வைக்க முடியாது. நீங்கள் படித்த நர்ஸிங் கல்லூரி, உங்களைப் பதிவு செய்த தமிழ்நாட்டு நர்ஸிங் கவுன்சில், நீங்கள் வேலை பார்த்த மருத்துவமனை என ஒவ்வோர் இடத்திலிருந்தும் உங்களைப் பற்றிய ஆவணம் போக வேண்டியிருக்கும். பலவற்றை உங்கள் கையால் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள், அந்த அலுவலகமே நேரடியாக அனுப்ப வேண்டும். இதற்குப் பிறகு என்க்ளெக்ஸ் என்ற நர்ஸிங் உரிமத் தேர்வு. விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. சில மாகாணங்கள் இந்தியாவில் படித்தவர்களுக்கு வழியை அண்மையில் எளிதாக்கியிருக்கின்றன. அதனால் ‘சித்தி வீடு பிராம்ப்டனில் இருக்கிறது’ என்பதற்காக மட்டும் மாகாணத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்த மாகாணத்தில் உங்கள் பதிவு சீக்கிரம் முடியும் என்று பார்த்துப் போங்கள். இன்னொன்று, அண்மைக் காலத்தில் நர்ஸாக வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பரவலாக இருக்கிறது. வீட்டுச் செலவுக்காக முதியோர் பராமரிப்பு உதவியாளராகச் சேர்ந்து, குழந்தை பிறந்து, நாலு வருடம் கழித்து ‘இப்போது பதிவு செய்கிறேன்’ என்று போனால், மறுபடியும் படித்துவிட்டு வா என்பார்கள். கடிகாரம் விமானம் ஏறிய அன்றே ஓடத் தொடங்கிவிடுகிறது.

டாக்டர்களின் பாதைதான் எல்லாவற்றிலும் கடினமானது. முதலில் எம்சிசிகியூஇ தேர்வு, பிறகு என்ஏசி செய்முறைத் தேர்வு, அதற்கும் பிறகு ரெசிடென்சி இடத்துக்கான போட்டி. வெளிநாட்டில் படித்தவர்களுக்கான இடங்கள் மிகக் குறைவு. தேறியவர்கள்கூட இடம் கிடைக்காமல் வருடக்கணக்கில் நிற்கிறார்கள். முதல் தேர்வை இந்தியாவில் இருந்தே எழுதலாம். எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஊரில் நடக்கும் கிளினிக்கை மூடிவிட்டுப் போகாதீர்கள். மருந்தாளுநர்களுக்கு பிஇபிசி நடத்தும் தேர்வுகள், ஆசிரியர்களுக்கு மாகாண ஆசிரியர் அமைப்பின் சான்று, வழக்கறிஞர்களுக்கு என்சிஏ. பெயரை வைத்துத் தேடினால் எல்லாவற்றுக்கும் அதிகாரப்பூர்வத் தளம் இருக்கிறது. ஏஜென்ட் சொல்வதைக் கேட்காமல் அதை வரிவரியாகப் படியுங்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய அலைச்சலைப் பற்றி யாருமே சொல்வதில்லை. பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவது, உறையை ஒட்டி அதன்மேல் முத்திரை குத்த வைப்பது, பாடத்திட்டத்தின் நகலில் துறைத் தலைவர் கையெழுத்து வாங்குவது, பழைய கம்பெனியின் எச்ஆரிடம் வேலை விவரக் கடிதம் வாங்குவது. இவை எல்லாம் கவுன்ட்டரில் போய் நின்று வாங்க வேண்டியவை. நீங்கள் டொராண்டோவுக்குப் போன பிறகு இதற்காக அலையப்போவது ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும் உங்கள் அப்பா. பாடத்திட்டம், கல்லூரி மூடப்பட்டுவிட்டாலோ வேறு பல்கலைக்கழகத்தின் கீழ் போய்விட்டாலோ கிடைப்பதே கடினம். எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு பிரதி வாங்குங்கள். சான்றிதழில் ‘எஸ். கார்த்திக்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் சுப்பிரமணியன்’ என்று இருந்தால் இருவரும் ஒருவரே என்பதற்கான அஃபிடவிட்டையும் இங்கேயே எடுத்துவிடுங்கள். இனிஷியல் குழப்பத்திலேயே மாதக்கணக்கில் தேங்கும் விண்ணப்பங்கள் உண்டு.

ஐடிக்காரர்களே, இதுவரை படித்துவிட்டு ‘நமக்கு லைசென்ஸ் தொல்லை இல்லை’ என்று மூச்சு விட்டிருப்பீர்கள். உங்களுக்கும் ஆபத்து இருக்கிறது. ரொம்பவே மோசமான ஆபத்து.

இறங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும். கொண்டுவந்த பணம் வாடகையிலும் முன்பணத்திலும் கரைந்துகொண்டிருக்கும். நூறு இடத்துக்கு ரெஷ்யூமே போட்டும் ஒரு போன்கூட வராது. 2025 செப்டம்பரில் கனடாவில் வேலையின்மை 7.1 சதவீதத்தில் இருந்தது. உள்ளூரில் படித்தவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு போன் வரும். தமிழில் பேசுவார்கள், அல்லது தெலுங்கு வாடையுள்ள ஆங்கிலத்தில். உங்கள் ரெஷ்யூமேயைப் பார்த்தோம், பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு அருமையாகப் பொருந்துகிறீர்கள், ஆறு வாரம் டிரெய்னிங், அதன்பிறகு பிளேஸ்மென்ட் எங்கள் பொறுப்பு. சில ஆயிரம் டாலர் கட்டணம், பாதி இப்போது, மீதி வேலை கிடைத்ததும். இதில் எங்கே வலை இருக்கிறது என்று கேட்பீர்கள். டிரெய்னிங்கின் கடைசி வாரத்தில் உங்கள் கையில் புது ரெஷ்யூமே ஒன்று வரும். அதில் நீங்கள் பார்க்காத மூன்று வருடக் கனடா வேலை இருக்கும். நீங்கள் காலெடுத்து வைக்காத வங்கி ஒன்றின் புராஜெக்ட் இருக்கும். ‘எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க, இல்லாட்டி இன்டர்வியூவே வராது’ என்பார்கள். இன்டர்வியூவில் காதில் ஒருவர் பதில் சொல்லித் தருவார். வேலை கிடைத்தாலும் முதல் வருடச் சம்பளத்தில் பங்கு கேட்டு எழுதி வாங்கியிருப்பார்கள்.

பிறகு பின்னணிச் சரிபார்ப்பு வரும். வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் இதைச் செய்யாமல் விடுவதில்லை. அன்றைக்கு ஆஃபரை ரத்து செய்வார்கள், சேர்ந்த பிறகு தெரிந்தால் அன்றே வெளியே அனுப்புவார்கள். டிரெய்னிங் கொடுத்தவர் போனை எடுக்கமாட்டார், பெயரை மாற்றி வேறு கட்டடத்தில் இருப்பார். உங்கள் பெயர் மட்டும் மாறாது. ஒரு நகரத்தில் ஒரு துறைக்குள் ஆளெடுப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள். நீங்கள் தற்காலிக விசாவில் இருந்து, அதே பொய் அனுபவத்தைப் பிஆர் விண்ணப்பத்திலும் காட்டினால் இன்னும் பெரிய இடி விழும். குடியேற்றச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி உண்மையை மறைத்ததாக முடிவானால் ஐந்து வருடம் கனடாவுக்குள் வரத் தடை. ஹைதராபாத்திலும் சென்னையிலும் பத்து வருடம் உண்மையாக உழைத்துச் சம்பாதித்த அனுபவத்தை அழித்துவிட்டு, அதன்மேல் ஒரு பொய்யை எழுதிக்கொள்ளச் சொல்கிறார்கள். இதைச் செய்யாதீர்கள். உங்கள் சொந்த அனுபவத்துக்கே அங்கே மதிப்பு இருக்கிறது, அதை அங்குள்ளவருக்குப் புரியும்படி எழுதத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு வலை ஊரிலேயே விரிக்கப்படுகிறது. எல்எம்ஐஏ. வெளிநாட்டு ஆளை எடுத்தால் உள்ளூர் ஆட்களுக்குப் பாதிப்பில்லை என்று அரசாங்கம் ஒரு முதலாளிக்குக் கொடுக்கும் ஒப்புதல் அது. ஒரு பணியிடத்துக்கு 1,000 டாலர் கட்டணம். அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் திருப்பி வசூலிக்கக் கூடாது. ஆனால் இந்த ஒப்புதல் கடிதம் பல ஆயிரம் டாலருக்குக் கைமாறிக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் பலர் அந்தக் கடையில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. வேலை வாய்ப்புக் கடிதம் இருந்தால் எக்ஸ்பிரஸ் என்ட்ரி தரவரிசையில் 50 அல்லது 200 புள்ளி கூடுதலாகக் கிடைத்ததுதான் காரணம். இந்த வியாபாரத்தை ஒடுக்குவதற்காகவே அந்தக் கூடுதல் புள்ளிகளை 2025 மார்ச் 25-ஆம் தேதியோடு கனடா நீக்கிவிட்டது. கவனமாகப் படியுங்கள். நீக்கிவிட்டது. இன்றைக்கும் கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ ஒருவர் உங்கள் எதிரில் உட்கார்ந்து, ‘எல்எம்ஐஏ வாங்கித் தர்றேன் சார், அம்பது பாயின்ட் ஏறும், பிஆர் கேரன்ட்டி’ என்று சொன்னால், அவர் விற்பது இல்லாத சரக்கு. நிலத்தை அடமானம் வைத்து, அக்காவின் நகையை வைத்து அந்தப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பிஆர் கொடுக்கும் எண்ணிக்கையையே குறைத்துக்கொண்டிருக்கும் நாடு அது. 2025-க்கு 5,00,000 என்று வைத்திருந்த இலக்கை 3,95,000 ஆக வெட்டியதை 2024 அக்டோபரிலேயே அறிவித்தார்கள். இப்படி வாசல் சுருங்கும் காலத்தில்தான் கேரன்ட்டி விற்பவர்களின் குரல் ஓங்கும்.

கேரன்ட்டி விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘உங்கள் ஆர்சிஐசி நம்பர் என்ன?’ கனடா குடியேற்ற விஷயத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல, வழக்கறிஞர்கள் தவிர, குடியேற்ற ஆலோசகர்களுக்கான கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தின் எண்தான் ஆர்சிஐசி நம்பர். 2021 நவம்பரில் இருந்து அந்த அமைப்புதான் பொறுப்பு. யார் உரிமம் பெற்றவர், யாருடைய உரிமம் இடைநிறுத்தப்பட்டிருக்கிறது என்று அதன் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நம்பரைச் சொல்லிவிட்டாலும் விடாதீர்கள். அந்த நம்பர் அவருடையதுதானா, டொராண்டோவில் இருக்கும் வேறு யாருடையதோவா என்று, அந்தத் தளத்தில் உள்ள தொடர்பு விவரத்தை வைத்து நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள். இந்தியாவில் இருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டாக இருந்தால், 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி அவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயர் இருக்கும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. லட்சங்களில் பேசுகிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருப்பது மூன்றாவது வகை. ஸ்கார்பரோவிலோ மிஸிஸாகாவிலோ ஏதோ ஒரு மாலில், தமிழ் மளிகைக் கடையின் வரிசையில், கோயில் அன்னதானத்தில் இது நடக்கும்.

“தம்பி, தமிழா? எந்த ஊர்?”

“மதுரைப் பக்கம்ணா.”

“வந்து எவ்வளவு நாளாச்சு? வேலை ஆயிடுச்சா?”

“இன்னும் இல்லண்ணா. பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“கவலையே படாதீங்க. எனக்கு ஒரு மென்ட்டர் இருக்கார், ஆட்டோமேட்டிவ்ல பெரிய ஆளு. ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா? சும்மா ஒரு காபி.”

அந்தக் காபியில் வேலை எதுவும் இருக்காது. கமிஷனில் காப்பீடு விற்கும், அல்லது ஆள் சேர்த்தால் காசு தரும் ஒரு சங்கிலி இருக்கும். பதிவுக்கு, லைசென்ஸ் வகுப்புக்கு, மாநாட்டுக்கு என்று கட்டணம். முதல் வாடிக்கையாளர்களாக உங்கள் சொந்தக்காரர்களின் பெயரைப் பட்டியல் போடச் சொல்வார்கள். கனடாவில் தமிழர்களுக்கு இருக்கும் பெரிய பலமே ஒருவருக்கு ஒருவர் கைகொடுப்பதுதான். 1983-க்குப் பிறகு இலங்கையில் இருந்து எதுவுமில்லாமல் வந்து இறங்கியவர்கள், தெரிந்தவர் தெரிந்தவர் என்று சொல்லிச் சொல்லியே வேலையும் வீடும் பிடித்தார்கள். இன்றைக்கும் ஒரு தமிழர் தன் கம்பெனியில் உங்களுக்காக ஒரு வார்த்தை சொன்னால், அது நூறு விண்ணப்பத்துக்குச் சமம். அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் தூண்டிலில் புழுவாக மாட்டுகிறார்கள். ஆகவே தமிழ்க் குரல் கேட்டதும் ஒதுங்கிப் போக வேண்டாம். வேலை என்றால் என்ன வேலை, எந்தக் கம்பெனி, மணிக்கு எவ்வளவு என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். உண்மையாக உதவ வந்தவர் சொல்லிவிடுவார்.

செக் மோசடி என்று இன்னொன்றும் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேரில் பார்க்காமலே வேலை கொடுத்து, ‘வீட்டில் இருந்து வேலை பார்க்க லேப்டாப் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று செக் அனுப்புவார்கள். கணக்கில் போட்டதும் பணம் வந்ததுபோலத் தெரியும். அதில் இருந்து ‘எங்கள் சப்ளையருக்கு’ இ-டிரான்ஸ்ஃபர் செய்யச் சொல்வார்கள். சில நாளில் செக் திரும்பும், பணம் உங்கள் தலையில் விழும். வேலை கொடுக்கிறவர் உங்களிடம் காசு கேட்டாலும் சரி, உங்கள் வழியாகக் காசை நகர்த்தச் சொன்னாலும் சரி, அது வேலை இல்லை. சின் என்ற சமூகக் காப்பீட்டு எண்ணையும் வேலையில் சேர்ந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்திலேயே கேட்டால் கொடுக்காதீர்கள்.

வந்த புதிதில் கிடங்கிலோ காபிக் கடையிலோ வேலை பார்ப்பதில் எந்தக் கேவலமும் இல்லை. வாடகை கட்டியாக வேண்டும். ஆனால் எந்த ஷிஃப்ட் என்பதில் உஷாராக இருங்கள். இரவு ஷிஃப்டுக்கு மணிக்கு ஒன்றிரண்டு டாலர் கூடத் தருவார்கள். பகலில் தூங்குவீர்கள். இன்டர்வியூ, தேர்வு, வழிகாட்டிகளைச் சந்திப்பது எல்லாம் பகலில்தான் நடக்கும். மனைவி ஒரு ஷிஃப்ட், கணவன் ஒரு ஷிஃப்ட் என்று போய், கார் கடன் வாங்கி, பிறகு வீட்டுக் கடன் வாங்கி, அந்தத் தவணைக்காகவே அந்த ஷிஃப்டை விட முடியாமல் ஆகிவிடுகிறது. இப்படி நின்றுபோன ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர்களை எனக்குத் தெரியும். குடியேற்றத்துக்கான படிப்பு அறிக்கைக்கு ஐந்து வருடம்தான் ஆயுள், ஆங்கிலத் தேர்வு முடிவுக்கு இரண்டு வருடம். தள்ளிப்போடத் தள்ளிப்போடச் செலவும் கூடும். முதல் கார் வாங்குவதற்கு முன் உரிம விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். வேலை கொடுக்கும் ஏஜென்சி பதிவுக் கட்டணமோ ரெஷ்யூமே கட்டணமோ கேட்டால் ஒன்டாரியோவில் அது சட்டவிரோதம். 2024 ஜூலை 1 முதல் அங்கே ஆள் எடுக்கும் ஏஜென்சிகளுக்கு உரிமமும் கட்டாயம். 2025 அக்டோபரில் இருந்து அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர். ‘கேஷ் தர்றேன், பதினாலு டாலர்’ என்று ஒரு முதலாளி சொன்னால் உங்கள் உழைப்பைத் திருடுகிறார் என்று பொருள்.

‘கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?’ என்ற கேள்வி பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-லேயே இதைப் பாகுபாடு என்று கொள்கையாக அறிவித்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்த மாகாணத்தில் 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் பொது விளம்பரத்திலும் விண்ணப்பப் படிவத்திலும் கனடா அனுபவம் கேட்கக் கூடாது. சம்பள வரம்பையும் போட்டாக வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா 29 தொழில்களுக்குத் தனிச் சட்டமே கொண்டுவந்து 2024 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. சட்டம் வந்ததால் மனங்கள் ஒரே நாளில் மாறிவிடாது. விளம்பரத்தில் கேட்காததை மனதுக்குள் வைத்துக்கொண்டு ரெஷ்யூமேயைத் தள்ளி வைப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஆனாலும் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்று தெரிந்து பேசுவதற்கும் தெரியாமல் தலைகுனிவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

காசு கேட்கும் டிரெய்னிங்காரரிடம் போகும் முன் காசு கேட்காத இடங்களுக்குப் போங்கள். பிஆர் பெற்றவர்களுக்கு அரசுப் பணத்தில் நடக்கும் குடியமர்வுச் சேவை மையங்கள் பல நகரங்களில் இருக்கின்றன. டொராண்டோவில் ட்ரியெக் என்ற அமைப்பு உங்கள் துறையிலேயே இருக்கும் ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துவைக்கிறது. அந்த ஒரு தொடர்பு பல கதவைத் திறக்கும். ஆக்சஸ் எம்ப்ளாய்மென்ட் போன்ற அமைப்புகள் துறைவாரியாகப் பயிற்சி தருகின்றன. மாகாணம் பணம் போடும் பிரிட்ஜிங் படிப்புகள் வெளிநாட்டில் படித்தவர்களுக்காகவே இருக்கின்றன. உரிமத் தேர்வுக் கட்டணத்துக்குப் பணம் இல்லையென்றால் விண்ட்மில் என்ற அமைப்பு 15,000 டாலர் வரை குறைந்த வட்டியில் கடன் கொடுக்கிறது. இவர்களில் யாரும் கேரன்ட்டி தரமாட்டார்கள். ரெஷ்யூமேயில் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், திருமணமானவரா என்பதையெல்லாம் எடுத்துவிடச் சொல்வார்கள். கேளுங்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டீர்களா? பொய் ரெஷ்யூமேயோடு இப்போது எங்காவது விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறீர்களா? வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் இருக்காதீர்கள். இன்னொரு தவணை மட்டும் கொடுக்காதீர்கள், முதலில் அதை நிறுத்துங்கள். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, ஒப்பந்தம் எதையும் அழிக்காதீர்கள். செக் விவகாரம் என்றால் அன்றே வங்கிக்குச் சொல்லி, காவல் துறையிலும் கனடா மோசடித் தடுப்பு மையத்திலும் பதிவு செய்யுங்கள். கூலி பாக்கி என்றால் ஒன்டாரியோ தொழிலாளர் அமைச்சகத்தில் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்ட விசாவில் இருந்து, அவர் பணம் பறித்தோ மிரட்டியோ கொடுமை செய்தால், 2019 ஜூன் முதல் அதற்கென்றே தனியாக ஒரு திறந்த வேலை அனுமதி இருக்கிறது. ஆனால் எல்எம்ஐஏவுக்குக் காசு கொடுத்தவர்கள் நேராக அரசாங்கத்துக்கு எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள், உங்கள் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து வழி மாறும். டொராண்டோவில் தெற்காசியர்களுக்கான சட்ட உதவி மையம் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகவே பார்க்கிறது. உங்களுக்கு அந்த ஏஜென்ட்டை அறிமுகப்படுத்திய நண்பரையும் உடன் அழைத்துப் போங்கள். பெரும்பாலும் அவரும் ஏமாந்தவராகத்தான் இருப்பார்.